இரவில் சாலை வேலைக்காக லேன் அடைத்திருந்த இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

தொடங்கியவர்
மூன்று வாரமாகிறது, மனதை விட்டுப் போகவில்லை. இரவு இரண்டரை மணி, வேகம் 90. எதிரே வந்த லாரிக்காக டிம் பண்ணியிருந்தேன். லாரி தாண்டியதும் நேர் முன்னால் கோன். பிரேக்கை மிதித்து ஒடித்தேன். ஒரு கோன் பானட்டில் ஏறி உருண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் சட்டையிலும் வெள்ளைப் பட்டை, கோனிலும் வெள்ளைப் பட்டை. அவரையும் ஒரு கோன் என்றுதான் என் கண் நினைத்திருந்தது.

ராத்திரி லோடு
டிம்மில் 90 போகலாமா? லோ பீமில் உருப்படியாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர்தான். 90 என்றால் நொடிக்கு 25 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் பாதித் தூரம் போய்விடும். மீதியில் கார் நிற்காது, என் லாரி எப்படி நிற்கும்?

எனக்கு நடந்தது நேர்மாறு. ஃப்ளட் லைட்டை வண்டிகள் வரும் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். கிட்டே போகப் போக எல்லாம் வெள்ளை. தாண்டியதும் ஒரே இருட்டு, அந்த இருட்டுக்குள் ரோலர். கிளீனர் கத்தினதால் தப்பித்தேன். லைட்டை மேலே ஏற்றி, வேலை நடக்கும் தரையைப் பார்த்துக் கவிழ்த்திருந்தால் போதும்.

கோன் வைக்கிறவன்
லாரிக்கார அண்ணன் வேகத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை. முன்னால் எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் வரிசையை ஒரு டேங்கர் உரசிவிட்டுப் போனது. டிரைவர் இறங்கி வந்து, பலகையே இல்லை என்று சத்தியம் பண்ணினார். எனக்குக் கோபம். நான்தானே வைத்தேன்! அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து போய் டார்ச் அடித்தேன். பலகை நின்றது, ஆனால் மண் நிறத்தில். ஒரு வாரப் புழுதி. ரிஃப்ளெக்டர் என்பது வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது. புழுதி அதைப் போகும்போதும் மறைக்கும், வரும்போதும் மறைக்கும். ஈரத் துணியால் ஒரே இழுப்பு இழுத்தேன். துடைத்த இடம் மட்டும் நெருப்பு மாதிரி எரிந்தது. அன்றிலிருந்து துணி இல்லாமல் நான் வேலைக்கு இறங்குவதில்லை.

தொடங்கியவரே, லேனை மூட ஓரத்திலிருந்து சாய்வாகக் கோன் எத்தனை தூரத்துக்கு வைத்திருந்தார்கள்? அமெரிக்கச் சாலைக் கையேட்டில் வேகமான சாலைக்கு ஒரு கணக்கு உண்டு: லேன் அகலத்தை அடியில் எடுத்து மைல் வேகத்தால் பெருக்கு, வருவது சாய்வின் நீளம். 12 அடி லேன், 55 மைல் என்றால் 660 அடி. ஏறக்குறைய 200 மீட்டர். நீங்கள் போன வேகம் கிட்டத்தட்ட அதுதான்.

மழைக்கோடு
மழை ராத்திரியில் பழைய லேன் கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்புக்குள்ளேயே போயிருக்கிறேன். கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்த கோடு ஈரத்தில் மின்னியது, புதுக்கோடு தெரியவே இல்லை. கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், மறைத்தால் போதாது.

அப்புறம் எல்லோருக்கும் ஒன்று. அம்புப் பலகை கண்ணில் பட்டதுமே இண்டிகேட்டர் போட்டு மாறிவிடுங்கள், கடைசிக் கோன் வரைக்கும் போகாதீர்கள். முன்னால் வண்டிகள் தேங்கி நின்றால் ஹஸார்ட் போடுங்கள், பின்னால் வருகிறவன் வேகம் குறைக்கும்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முன் வண்டியோடு ஒட்டாமல், விலகிப் போக இடம் விட்டு நில்லுங்கள். வேலை சைட்டில் இருப்பவர்கள் நெஞ்சில் மட்டும் பட்டை கட்டினால் அது ஒரு பொருளாகத்தான் தெரியும். மணிக்கட்டிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் கட்டுங்கள். கை கால் அசைவது தெரிந்தால்தான் மனிதன் என்று வெகு தூரத்திலேயே கண் பிடிக்கும்.

தொடங்கியவர்
மணிக்கட்டு சரி. அவர் குந்தியல்லவா இருந்தார், கால் மடிந்து, கையும் அசையாமல்.

லாரி அண்ணன் சொன்னது உண்மை, 90 என் தப்பு. கோன் வைக்கிறவர் கேட்டதற்காக நேற்று அந்த வழியே வரும்போது ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். வேலை அங்கேயேதான் நடக்கிறது. சாய்வில் இப்போதும் ஆறே கோன். முதல் கோனிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் வரை நடந்து எண்ணினேன். பதினாறு தப்படி.