1906 கப்ஸா, 1927 யாங்கீஸா, 1939 யாங்கீஸா? ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போட்டிக்கு எந்த அணி?

மூன்றாம்தளம்:
போட்டி விதி இதுதான். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (நிஜ பேஸ்பால் வீரர்களின் சீசன் எண்களைக் கார்டாக்கி ஆடும் மேசை ஆட்டம்), அட்வான்ஸ்டு விதி. கார்டும் பகடையும் மட்டும், கணினி கிடையாது. 20ஆம் நூற்றாண்டில் எந்த ஒரு சீசனின் அணியையும் எடுக்கலாம், ஆனா இரண்டு சீசனைக் கலக்கக் கூடாது. 25 பேர். டி.எச். (பிட்சருக்குப் பதிலா பேட் மட்டும் பிடிக்கிறவர்) இல்லை, பந்து வீசுற பிட்சரும் பேட் பிடிக்கணும். ஒருமுறை தொடங்கிய பிட்சர் அடுத்த நாலு ஆட்டம் உட்காரணும். முதலில் 12 லீக் ஆட்டம், முதல் நாலு இடத்துக்கு 7 ஆட்டத் தொடர். 1906 சிகாகோ கப்ஸ், 1927 யாங்கீஸ், 1939 யாங்கீஸ், இந்த மூணுல ஒண்ணு எடுக்கணும். காரணத்தோடு சொல்லுங்க. "ரூத் இருக்கார்ல"ங்கிறது காரணம் ஆகாது.

அறுபது:
ரூத் இருக்கார்ல.

சரி, முழுசாவே சொல்றேன். 1927 யாங்கீஸ்: 110 வெற்றி, 44 தோல்வி. அமெரிக்கன் லீக் முழுக்க அந்த வருஷம் அடிச்சது 439 ஹோம் ரன். அதுல ரூத் 60, கெரிக் 47. அந்த லீக்ல வேற எந்த அணியும் மொத்தமாச் சேர்த்தும் 60-ஐத் தொடலை. பேட்டிங் சராசரி (ஹிட் விகிதம்) கூம்ஸ் .356, மியூஸல் .337, லஸேரி .309. வேர்ல்டு சீரீஸ்ல பிட்ஸ்பர்க்கை நாலுக்கு நாலு. 1906 கப்ஸ் அணி மொத்தமா அடிச்சது எவ்வளவு தெரியுமா? 20!

பழையகார்டு:
ஹோம் ரன்னை எண்ணி அணி எடுப்பவர்கள் அரையிறுதிக்கு வருவதில்லை. ரன் விகிதத்தைப் பாருங்கள். 1906 கப்ஸ் 705 ரன் எடுத்து 381 கொடுத்தார்கள், விகிதம் 1.85. 1939 யாங்கீஸ் 967-க்கு 556, அதாவது 1.74. 1927 யாங்கீஸ் 975-க்கு 599, அதாவது 1.63. வர்க்கப்படுத்திக் கணக்கிட்டால் எதிர்பார்க்கும் வெற்றி விகிதம் முறையே .774, .752, .726. மூன்றில் 1927 தான் கடைசி.

பிட்சர்கள், வெற்றி-தோல்வியும் ஈ.ஆர்.ஏ.-வும் (பிழையால் வந்ததை விட்டு, 9 இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்): பிரவுன் 26-6, 1.04. ஃபீஸ்டர் 20-8, 1.51, இடக்கை. ரூல்பாக் 19-4, 1.65. லண்ட்கிரென் 17-6, 2.21. அந்த அணி 125 ஆட்டங்களைத் தொடங்கிய பிட்சரை வைத்தே முடித்தது. ரிலீவரை (நடுவில் வரும் மாற்றுப் பிட்சரை) தேட வேண்டியதே இல்லை. நாலு ஆட்ட ஓய்வு என்ற விதி ஐந்து பிட்சர் கேட்கிறது. இவர்களிடம் ஓவரால், டெய்லர் என்று ஆறு பேர் இருக்கிறார்கள்.

அறுபது:
சார், 1.04 எல்லாம் டெட் பால் காலத்து எண், பந்து தூரம் போகாம ரன் குறைஞ்ச காலம். லீகே .244 அடிச்ச வருஷம் அது. அந்தக் கார்டு கெரிக் முன்னாடி நிக்குமா?

இருபதுமுகம்:
ரெண்டு பேரும் கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு விட்டுட்டுப் பேசறீங்க. புதுசா படிக்கிறவங்களுக்காகச் சுருக்கமா: வெள்ளைப் பகடை 1, 2, 3 விழுந்தா பேட்டர் கார்டு, 4, 5, 6 விழுந்தா பிட்சர் கார்டு. மத்த ரெண்டு பகடையின் கூட்டல், 2 முதல் 12 வரை, எந்த வரின்னு சொல்லும். மொத்தம் 216 வாய்ப்பு. அதுல 108 பேட்டர் கையில, 108 பிட்சர் கையில. பாதிக்குப் பாதி.

நிறுவனம் சூத்திரத்தை அச்சடிச்சுத் தர்றதில்லை. ஆனா பாதி பாதின்னு வெச்சாலே கார்டு இப்படித்தான் வரும்: வீரரின் எண்ணை இரட்டிப்பாக்கி லீக் சராசரியைக் கழி. கெரிக் .373, லீக் சுமார் .285, ஆக கார்டு .461. கப்ஸின் ஃபிராங்க் சான்ஸ் .319, லீக் .244, கார்டு .394.

இப்போ ரெண்டு காலத்தையும் மோத விடுங்க. 1927-ன் சராசரி பேட்டர் (.285) 1906-ன் சராசரி பிட்சரை (.244) சந்திச்சா நடுவில் .265 கிட்ட வரும். திருப்பிப் போட்டாலும் அதே .265. பேட்டரில் கிடைச்ச லாபத்தைப் பிட்சரில் திருப்பிக் கொடுத்துடறோம். அதனால "டெட் பால் எண் பொய்"ங்கிற வாதமும் செல்லாது, "1.04 யாராலும் தொட முடியாது"ங்கிறதும் செல்லாது. தன் லீக்கைவிட எவ்வளவு மேல இருந்தாங்கங்கிறது மட்டும்தான் மேசைக்கு வரும்.

பழையகார்டு:
அதைத்தான் ரன் விகிதமாகச் சொன்னேன். 1.85.

அறுபது:
ஹிட்டுக்குச் சரி. ஹோம் ரன்னுக்கு அதே கணக்கைப் போடுங்க பார்ப்போம்.

இருபதுமுகம்:
போட்டாச்சு. ரூத் ஏறத்தாழ 690 முறை பேட் பிடிச்சு 60, அதாவது 8.7 சதம். லீக் 0.9 சதம். இரட்டிப்பாக்கிக் கழிச்சா 16.5 சதம். அவர் கார்டில் 108-க்குச் சுமார் 18 வாய்ப்பு ஹோம் ரன். எதிரில் 1906 பிட்சர், கார்டில் ஹோம் ரன்னே இல்லைன்னு வெச்சுக்குவோம். அப்பவும் 216-க்கு 18, அதாவது 8.3 சதம். முழு சீசனுக்கு 57. ரூத் மூணே மூணு இழக்கிறார்.

அறுபது:
அவ்வளவுதான் வேணும் எனக்கு. சிகாகோ மைதானத்துல ஆடினாலும் அதே கதைதான். மைதான எண் கேக்கறது வைரக்குறி போட்ட வரிக்கு மட்டும். 20 முகப் பகடை உருட்டி மைதான எண்ணுக்குள்ள விழணும். குறியில்லாத ஹோம் ரன்னை எந்த மைதானமும் தடுக்காது. ரூத்தை அடிக்க விடாம வாக் (முதல் தளத்துக்கு இலவச நடை) கொடுப்பீங்களா? அடுத்து நிக்கிறது கெரிக்.

பழையகார்டு:
வாக் கொடுக்க வேண்டாம். ஃபீஸ்டரை நிறுத்துவேன். கூம்ஸ், ரூத், கெரிக் மூவரும் இடக்கை. இடக்கைப் பிட்சருக்கு எதிரான பக்கத்தில் அவர்கள் கார்டு மெலியும். மேலும் 1927-ன் பிட்சிங்கை யாருமே பேசவில்லையே? ஹாய்ட் 22-7 நல்ல கார்டு. அதற்கடுத்த பெரிய பெயர் வில்சி மூர்: 19-7, 2.28, 213 இன்னிங்ஸ். ஆனால் 50 ஆட்டத்தில் அவர் தொடங்கியது 12 மட்டுமே. அவரைத் தொடக்கப் பிட்சராக்கினால் சோர்வு எண் (பிட்சர் களைக்கத் தொடங்கும் இன்னிங்ஸ்) சீக்கிரம் வந்துவிடும்; அதற்குப் பின் ஹிட்டும் வாக்கும் குவிந்தால் கார்டில் புள்ளியிட்ட அவுட் எல்லாம் சிங்கிள் ஆகிவிடும். டி.எச். இல்லாததால் அவர் பேட்டும் பிடிக்க வேண்டும். 1927-ல் அவர் அடித்தது .080.

அறுபது:
அந்த .080-க்கும் ஒரு கதை இருக்கு. மூணு ஹிட்கூட அடிக்க மாட்டார்னு ரூத் பந்தயம் கட்டித் தோத்தார், மூர் ஆறு அடிச்சார். மூரை நான் 7ஆவது இன்னிங்ஸ்லதான் கொண்டு வருவேன். ஹாய்ட், பென்னாக், ஷாக்கர், ரூதர், பிப்கிராஸ், அஞ்சு பேர் போதும்.

மூன்றாம்தளம்:
1939 பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலையே?

இருபதுமுகம்:
அதுக்குத்தான் வர்றேன். காலம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் போகும்னேன் இல்லையா, அது ஹிட், வாக், ஹோம் ரன் வரைக்கும்தான். பிழைக்கு அது பொருந்தாது. எரர் எண் ஃபீல்டரோட கார்டில் மட்டும் இருக்கு. எதிரணியில் அதைச் சமன் செய்ய எதுவும் கிடையாது.

ஒவ்வொரு பிட்சர் கார்டிலும் 108-க்கு 30 வாய்ப்பு எக்ஸ் வரி, அதாவது முடிவை ஃபீல்டர் கார்டு சொல்ற வரி: ஷார்ட்ஸ்டாப் 7, இரண்டாம் தளம் 6, மூன்றாம் தளம், கேட்சர், நடுக்களம் தலா 3, முதல் தளம், பிட்சர், இடக்களம், வலக்களம் தலா 2. பிரவுன் கார்டா இருந்தாலும் இந்த 30 மாறாது. 216-ல் 30 என்றால் 14 சதம். ஒரு ஆட்டத்தில் 38 பேர் பேட் பிடிச்சா அஞ்சு முறைக்கு மேல ஃபீல்டர் கார்டைத்தான் பார்க்கப் போறீங்க. முதலில் 20 முகப் பகடை, ரேஞ்ச் (ஃபீல்டர் எட்டிப் பிடிக்கும் திறன்) 1 முதல் 5, 1 தான் சிறந்தது. அப்புறம் மூணு பகடை, எரர் எண். அந்த எரர் எண் கிட்டத்தட்ட ஒரு முழு சீசனில் அவர் செய்யும் பிழையின் அளவு.

1906 கப்ஸ் தங்கள் லீகில் மிகச் சிறந்த ஃபீல்டிங் அணி. அவங்க பிழை 194. அன்றைய கையுறையும் மைதானமும் அப்படி. 1939 யாங்கீஸ் செய்தது அதில் சுமார் மூணில் ரெண்டு பங்கு. தன் லீகில் முதல் இடமா இருந்த அதே ஃபீல்டிங், இந்த மேசையில் கப்ஸுக்குப் பாரம்.

பழையகார்டு:
இதில் இரட்டை எண்ணிக்கை இருக்கிறது. 381 ரன்னில் பிழையால் வந்த ரன்னும் அடக்கம். ஈ.ஆர்.ஏ.-வை வைத்து வாதாடினால் நீங்கள் சொல்வது சரி. நான் வைத்தது மொத்த ரன்.

இருபதுமுகம்:
கொடுத்த 381-ல் அடக்கம், ஒத்துக்கறேன். எடுத்த 705-ல்? அந்த லீகில் மத்த ஏழு அணியும் கப்ஸைவிட அதிகமாத் தவறவிட்டவை. கப்ஸ் எடுத்த ரன்னில் ஒரு பகுதி அவங்க கொடுத்த தானம். 1939 யாங்கீஸ் களத்தில் நின்னா அந்தத் தானம் வராது. கப்ஸ் செய்யும் பிழை மட்டும் அப்படியே நிக்கும்.

எண்ணாகவே சொல்றேன். ஆட்டத்துக்குச் சுமார் 0.4 பிழை வித்தியாசம், பிழைக்கு அரை ரன், ஆக 0.2 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற பொதுக் கணக்கில் .020. உங்க .774-க்கும் .752-க்கும் இடையில் இருந்ததே அவ்வளவுதான். அதுக்கு மேல, வராத தானம் வேற.

பழையகார்டு:
சரி, அந்த இடைவெளி போகட்டும். ஆனால் கப்ஸிடம் 283 திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது) இருக்கிறது. சான்ஸ் மட்டும் 57.

மூன்றாம்தளம்:
1906-ல் பிடிபட்ட திருட்டைப் பதிவே செய்யலையே, கார்டு எண் எப்படி வரும்?

பழையகார்டு:
மதிப்பீடுதான். அதனால் கார்டை நேரில் பார்க்காமல் 283-ஐ நம்பக் கூடாது என்பது உண்மை.

இருபதுமுகம்:
எதிரில் 1939 யாங்கீஸ் கேட்சர் பில் டிக்கி இருக்கார். ஓட்டக்காரரின் எண்ணோடு கேட்சரின் கை எண், பிட்சரின் ஹோல்ட் எண் (ஓட்டக்காரரைத் தளத்தோடு கட்டிப்போடும் திறன்) ரெண்டையும் கூட்டணும். கழித்தல் எண்ணா இருந்தா அந்த அளவு குறையும். ஆனா பழையகார்டு சாருக்கு ஒரு பிடி தர்றேன். திருட்டு மிரட்டல் இருந்தாலே எதிரணி முதல் தளத்தில் ஆளைப் பிடிச்சு நிறுத்தும். அப்போ பேட்டர் கார்டில் இரட்டைக் கூட்டல் குறி போட்ட தரைப்பந்து, பிடிச்சு நிக்கிற ஃபீல்டர்கிட்ட போனா சிங்கிள். மேசையில் பாதிப் பேர் மறக்கிறது இதைத்தான். உருட்டுறதுக்கு முன்னாடியே "ஹோல்ட்" இல்ல "ஹோல்ட் இல்லை"ன்னு வாய்விட்டுச் சொல்ல வைங்க. பகடை நின்ன பிறகு சொன்னா சண்டைதான்.

இன்னொரு பொறியும் இருக்கு, ஆறு பிட்சர்னு சொன்னீங்களே அதுல. ஓவரால், டெய்லர் ரெண்டு பேரும் சீசன் நடுவில் கப்ஸுக்கு வந்தவங்க. கார்டு முழு சீசனுக்கும் சேர்த்துப் போடுவாங்க. ஓவரால் கப்ஸில் 1.88. சின்சினாட்டியில் 4-க்கு மேல. நீங்க உருட்டப் போறது ரெண்டையும் கலந்த கார்டை.

பழையகார்டு:
அது நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் ஐந்தாவது இடத்துக்கு டெய்லர் போதும். உங்கள் 1939-க்கு வருவோம். முதல் தளத்தில் டால்கிரென் .235, ஷார்ட்ஸ்டாப்பில் க்ரொசெட்டி .233. அடுத்தது பிட்சர். வரிசையில் மூன்று பேர் சும்மா.

அறுபது:
கெரிக் கார்டை முதல் தளத்துல போட்டுடலாமே!

இருபதுமுகம்:
1939 கெரிக் கார்டா? எட்டு ஆட்டம், 28-க்கு 4 ஹிட், .143. பெயரைப் பார்த்துப் போட்டா அழ வேண்டியதுதான்.

டால்கிரெனும் க்ரொசெட்டியும் கீழே நிக்கட்டும். மேலே பாருங்க: ரோல்ஃப் .329, கெல்லர் .334, டிமாஜியோ .381, டிக்கி .302, செல்கர்க் .306, கார்டன் 28 ஹோம் ரன். ரோல்ஃப், கெல்லர், டிக்கி, செல்கர்க் இடக்கை. டிமாஜியோ, கார்டன் வலக்கை. ஃபீஸ்டர் வந்தாலும் வரிசை உடையாது. இடக்கைக்கு ஒண்ணு, வலக்கைக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரிசைத் தாள் முன்கூட்டியே எழுதி வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

பிட்சிங்கில் ஏழு பேர் பத்தோ அதுக்கு மேலயோ ஜெயிச்சவங்க: ரஃபிங் 21, டொனால்டு 13, கோமஸ், பியர்சன், ஹாட்லி தலா 12, சுண்ட்ரா 11, ஹில்டிபிராண்ட் 10. நாலு ஆட்ட ஓய்வு விதியில் முதல் பிட்சர் 1, 6, 11ஆம் ஆட்டம்தான் தொடங்க முடியும். 12-ல் மூணு. 7 ஆட்டத் தொடரில் ரெண்டு. பிரவுனின் 1.04 உங்களுக்கு அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். ரஃபிங் கூடுதலா .307 அடிச்ச பிட்சர். அவர் தொடங்காத நாளில் பிஞ்ச் ஹிட்டர் (இன்னொருத்தருக்குப் பதிலா பேட் பிடிக்க வர்றவர்).

பழையகார்டு:
அந்த மூன்றில் மூன்றையும் பிரவுன் வெல்வார். மற்ற ஒன்பதில் ரூல்பாக்கும் ஃபீஸ்டரும் வருகிறார்கள்.

அறுபது:
116 ஜெயிச்ச அந்த அணி அதே ஊர் ஒயிட் சாக்ஸிடம் 4-2-ன்னு தோத்ததை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. லீக்ல .230 அடிச்ச அணி அது.

பழையகார்டு:
ஆறு ஆட்டத்தை வைத்து அணியை மதிப்பிட முடியாது. ஒரு ஆட்டத்தில் 60 சதம் வெல்லும் அணிகூட 7 ஆட்டத் தொடரை 71 சதம்தான் வெல்லும். 55 சதம் என்றால் 61. நீங்கள் 1927-ஐ எடுத்தாலும் இதே பகடைதான்.

மூன்றாம்தளம்:
1939 எடுக்கறேன். காரணம் பிழைக் கணக்கும் ஏழு பிட்சரும். ஒரே ஒரு சந்தேகம்: சுண்ட்ரா 11-1, 2.76. அவரை ரெண்டாவது பிட்சரா வெக்கலாமா?

இருபதுமுகம்:
120 இன்னிங்ஸ் கார்டு அது. போட்டி நடத்துறவங்ககிட்ட குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதி இருக்கான்னு முதல்ல எழுத்துல கேளுங்க. இல்லைன்னா தாராளமா வையுங்க.

பழையகார்டு:
வையுங்கள். அன்றைக்கு எதிரில் கப்ஸ் வந்தால் மட்டும் க்ரொசெட்டிக்குப் பதிலாக யாரைப் பிஞ்ச் ஹிட் செய்யச் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். ரஃபிங் ஒருவர்தானே இருக்கிறார்?

அறுபது:
ஹென்ரிக் இருக்கார் சார். இடக்கை. உங்க பிரவுன் வலக்கை.