டாட் காமில் லாகின் செய்தவர் டாட் இன்னிலும் தொடர வழி உண்டா?

சேலைக்கடை:
எங்கள் கடைக்கு இரண்டு டொமைன். உள்ளூருக்கு ரூபாய் விலையோடு டாட் இன், வெளிநாட்டுக்கு டாலர் விலையோடு டாட் காம். டாட் காமில் லாகின் செய்தால் அதன் சப்டொமைனிலும் (அதே பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த முகவரி) நிற்கிறது. டாட் இன்னுக்குப் போனால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. டாட் இன் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு பக்கம்) டாட் காமை வைத்துப் பார்த்தேன். குரோமில் ஓடுகிறது, ஐபோனில் படுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பழையசர்வர்:
டாட் காம் வைத்த குக்கியை (ஆளை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பு) அதன் சப்டொமைன்கள் பகிரலாம். டாட் இன் அந்நியம்தான். கடைப்பெயர் ஒன்றே என்பதெல்லாம் பிரவுசருக்குக் கணக்கில்லை. ஐஃப்ரேம் வித்தைக்கு மூன்றாம் தரப்புக் குக்கி, அதாவது திறந்திருக்கும் தளமல்லாத வேறொரு தளத்தின் குக்கி, வேண்டும். சஃபாரி அதை 2020 மார்ச்சிலேயே முழுக்க அடைத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கிறது. குரோம் மட்டும் நிறுத்தப்போகிறேன் என்று வருடக்கணக்கில் சொல்லிவிட்டு 2024-இல் பின்வாங்கியது. அதை நம்பிக் கடை நடத்தாதீர்கள்.

லாகினுக்கென்று ஒரே இடம் வையுங்கள். டாட் இன்னில் இருப்பவரை முழுப் பக்கமாக அங்கே அனுப்புங்கள். ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தால், ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டோடு திரும்பி வருவார். டாட் இன் சர்வர் அந்தக் குறியீட்டை லாகின் சர்வரிடம் நேரடியாகக் கொடுத்து ஆளை உறுதிசெய்துகொண்டு, தன் குக்கியைத் தானே வைக்கும். குறியீடு ஒரு நிமிடத்தில் காலாவதியாகட்டும். திரும்பும் முகவரியைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் எவனாவது குறியீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

விக்கிப்பீடியா, விக்சனரி, விக்கிமூலம் மூன்றும் வெவ்வேறு டொமைன், ஆனால் ஒரே கணக்கு. அவர்களும் 2025-இல் லாகினைத் தனியாக ஒரே டொமைனுக்குக் கொண்டுபோனார்கள்.

சேலைக்கடை:
சும்மா சேலை பார்க்க வருபவரையும் இப்படி அலைக்கழிக்கணுமா? லாகவுட் எப்படி?

பழையசர்வர்:
வேண்டாம். ‘என் கணக்கு’ தொட்டால் மட்டும் அனுப்புங்கள். லாகவுட்டுக்கு, இரண்டு குக்கியும் சர்வரில் ஒரே அமர்வு எண்ணை (ஒரு லாகினுக்கு சர்வர் வைத்திருக்கும் எண்) சுட்டட்டும். அதை அழித்தால் இரண்டு பக்கமும் வெளியே.

குறுக்கேவந்தவன்:
தப்பாக நினைக்காதீர்கள், இரண்டு டொமைன் எதற்கு? டாட் இன்னை 301 (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பும் சர்வர் பதில்) போட்டு டாட் காமுக்குத் திருப்பிவிட்டு, நாட்டைப் பார்த்து விலையைக் காட்டினால் இந்தப் பாடே இல்லையே.

சேலைக்கடை:
கடைப் பையில் அச்சடித்திருப்பது டாட் இன். சரி, 301 போட்டால் அதுவும் வேலை செய்யும். ஆனால் பேமெண்ட் கேட்வேயில் இரண்டு டொமைனும் தனித்தனிக் கணக்கு. ரூபாயையும் டாலரையும் ஒரே கணக்கில் வாங்க விடுவார்களா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.