புதுப்பிப்பு: அம்மாவின் செவிப்பறைச் சிகிச்சை, ஆறு வாரங்களுக்குப் பின்

பல ஆண்டுகளாகச் சீழ் வடிந்த அம்மாவின் இடது காதில் செவிப்பறை ஓட்டையாகியிருப்பதையும், மியான்மரின் யாங்கோன் நகரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடினார்கள். ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது என்று நேற்று மருத்துவர் சொன்னார்.

முதல் மாதம் அந்தக் காது கேட்கவே இல்லை என்று அம்மா கலங்கியபோது நானும் பயந்துபோனேன். ஒட்டைத் தாங்குவதற்காக உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருள் தானாகக் கரையும்வரை காது அடைத்தாற்போலத்தான் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ ஆறுதலாக இருந்திருக்கும். மூக்கைப் பலமாகச் சிந்தாமலும், தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்மியும் அம்மா கவனமாக இருந்தார்.

முந்தாநாள் தாளிக்கும்போது கடுகு வெடித்த சத்தத்துக்கு, இடப்பக்கமாகவே திரும்பிப் பார்த்தார். தலைக்கு ஊற்றும்போது இன்னும் அந்தக் காதில் வாஸலின் களிம்பு தடவிய பஞ்சை வைக்கிறோம். ஏப்ரலில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தண்ணீர்த் திருவிழாவுக்கு அவரை வெளியே அனுப்பப்போவதில்லை.