கால்சியம் இறைப்பி: குடும்பப் பெயர்கள் குறித்து

வணக்கம்.

தாவரச் செல்களில் உள்ள 'calcium pump' என்னும் புரதத்துக்குத் தமிழில் 'கால்சியம் கடத்தி' என்றே போட்டுவிடலாம் என்று சென்ற மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. கடத்தி பொதுப்பெயர், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எதிர்த்திசையில் நகர்த்தும் எதிர்கடத்தியும் அதில் அடங்கிவிடும். நாம் பெயர் தேடுவது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குக் கால்சியத்தைத் தள்ளும் புரதத்துக்கு.

செல்லுக்குள் இருக்கும் நீர்மமான சைட்டோசாலில் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். செல்லுக்கு வெளியேயும், செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக, மில்லிமோலார் அளவில் கிடக்கிறது. சவ்விலுள்ள கால்வாய் திறந்தால் போதும், பாய்ந்து வந்துவிடும். ஓட்டைத் தோணியில் புகும் நீரைப் போல அதை ஓயாமல் இறைத்துக் கொட்ட வேண்டும். அதனால்தான் 'இறைப்பி' என்கிறேன். 'எக்கி'யும் தவறில்லை, ஆனால் இறைத்தல், இறைப்பு வேகம் என்று வினையோடு சேர்த்து எழுத இறைப்பிதான் வசதி.

அப்புறம், குடும்பங்கள். இந்த இறைப்பிகளில் ஈசிஏ (ECA), ஏசிஏ (ACA) என்று இரண்டு குடும்பங்கள். ஆய்வுகளில் மாதிரியாகப் பயன்படும் செடியான அரபிடாப்சிஸில் ஈசிஏ மரபணுக்கள் 4, ஏசிஏ மரபணுக்கள் 10. முன்னதை 'எண்டோபிளாச வலை இறைப்பி', பின்னதை 'செல்சவ்வு இறைப்பி' என்று பிரிக்கும் யோசனை நிற்காது. ஈசிஏ3 கோல்கி என்னும் வேறொரு செல் உறுப்பில் இருக்கிறது. ஏசிஏ8, 9, 10 செல்சவ்வில் இருப்பது சரி. ஆனால் ஏசிஏ4, 11 வாக்குவோல் சவ்வில், ஏசிஏ2 அதே எண்டோபிளாச வலையில்!

ஏசிஏவின் தனித்தன்மை அதன் புரதச் சங்கிலியின் தொடக்கமான அமினோ முனையில் இருக்கிறது. அந்தப் பகுதி தன் புரதத்தின் இறைப்பையே தடுத்து வைக்கிறது. சைட்டோசாலில் கால்சியம் ஏறியதும், கால்சியத்தை உணரும் புரதமான கால்மோடுலின் வந்து அந்த முனையைப் பற்றிக்கொள்ளும். தடை விலகி இறைப்பு வேகமெடுக்கும். விலங்குகளின் செல்சவ்வு இறைப்பியில் இதே தடைப்பகுதி சங்கிலியின் மறுகோடியான கார்பாக்சில் முனையில் உள்ளது. ஆகவே ஏசிஏவுக்கு 'தன்தடை இறைப்பி' என்பதே என் பரிந்துரை. ஈசிஏவுக்கு இந்தத் தடைப்பகுதி இல்லை. மாங்கனீசையும் அது இறைக்கும். அதற்கு இப்போதைக்கு 'ஈசிஏ வகை இறைப்பி' போதும், வலிந்து பெயர் சூட்ட வேண்டாம்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று எழுதிப் பார்த்தேன்: "ஏசிஏ9 என்னும் தன்தடை இறைப்பி செயலிழந்த செடியில் மகரந்தக் குழல் சரியாக நீள்வதில்லை, சூலை எட்டிய குழல்களிலும் பல, விந்தணுக்களை விடுவிப்பதில்லை." எனக்கு இடறவில்லை.

கால்சியத்தை நகர்த்தும் இன்னொரு புரதக் குடும்பமான சிஏஎக்ஸை (CAX) இதில் சேர்க்காதீர்கள். அது புரோட்டானை மாற்றாகக் கொடுத்துக் கால்சியத்தை நகர்த்துகிறது, ஏடிபியை நேரடியாகத் தொடுவதில்லை. அதற்குக் 'கால்சியம்-புரோட்டான் எதிர்கடத்தி' என்பதே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். 'தன்தடை'யை விடத் தெளிவான முன்னொட்டு கிடைத்தால் ஏற்கத் தயார்.