வட்டுவாகல் பழைய பாலம்: விடுறதோ உடைக்கிறதோ?

வன்னியான்: முல்லைத்தீவில நந்திக்கடல் களப்பைக் கடக்கிற வட்டுவாகல் பாலத்துக்கு 2025 பட்ஜெட்டில 1000 மில்லியன் ரூபா ஒதுக்கி, செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி வந்து புதுப்பாலத்து வேலையைத் தொடக்கி வச்சவர். நல்லது. ஆனா பழசை என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறாங்களில்லை. என்ர கதை சிம்பிள், அதைத் தொடக் கூடாது. 2009 மே மாசம் கடைசி நாளுகளில முள்ளிவாய்க்காலுக்க அடைபட்டுக் கிடந்த சனம் நந்திக்கடலுக்கு மேலால ஆமிப் பக்கம் போன வழி உது, உதையும் உடைச்சா பிறகு எதைக் காட்டிப் பிள்ளையளுக்குச் சொல்லப் போறம்?

முல்லை றைடர்: அண்ணை, நீங்கள் கடைசியா எப்ப உதாலை மோட்டச்சைக்கிளில போனனீங்கள்? கரையில கட்டு இல்லை, எதிரில பஸ் வந்தா ஒதுங்க இடமில்லை, மாரியில தண்ணி மேலால பாயேக்க எது கிடங்கு எது றோட்டு எண்டே தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளையள் போற பாதை. வெளிநாட்டில இருந்து மே 18 நினைவேந்தலுக்கு மட்டும் வந்து படம் எடுக்கிற ஆக்களுக்கு நல்லா இருக்கும்தான்.

வன்னியான்: புதுப்பாலம் வேண்டாம் எண்டு நான் எங்க சொன்னனான்? வாசிச்சிட்டுக் கதை தம்பி. பக்கத்தில புதுசு வரட்டும், பழசு கிடக்கட்டும். உக்ரைனில இர்பின் பாலத்தைப் பாருங்கோ, 2022 மார்ச்சில சனம் அந்த உடைஞ்ச பாலத்துக்குக் கீழ ஒதுங்கி நிண்டு பலகை போட்டுக் கடந்தது. பிறகு புதுசைப் பக்கத்தில கட்டிப்போட்டு உடைஞ்சதை நினைவுக்கு விட்டிருக்கினம்.

கறள்கம்பி: உப்புத் தண்ணியில நிண்ட கொங்கிறீற்றை அப்பிடியே விடேலாது. உள்ளுக்க கம்பி கறள் பிடிச்சு ஊதும், மேல்பூச்சு வெடிச்சுக் கழரும், பராமரிக்காட்டி தானா விழும். அதோட களப்பு கடலுக்கு வாய் திறக்கிற பக்கம் அது, பழைய தூணும் புதுத் தூணும் கிட்டக் கிட்ட நிண்டா நீரோட்டம் தடைப்பட்டு மண் சேரும், இறால் பிடிக்கிற சனம்தான் முதல்ல சண்டைக்கு வரும். கரையோரமா ஒண்டு ரெண்டு கண்ணை, அதாவது தூணுக்குத் தூண் இடையில இருக்கிற துண்டை, மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுக்கலாம். செலவும் குறைவு.

மொஸ்தார்: பொஸ்னியாவில மொஸ்தார் நகரத்தில 1993இல குண்டு போட்டு விழுத்தின பாலத்தை 2004இல பழசு மாதிரியே கட்டி, பக்கத்தில '93ஐ மறவாதே' எண்டு ஒரு கல்லு வச்சிருக்கினம். கல்லு ஒண்டே காணும் பாருங்கோ.

வன்னியான்: கல்லு வைக்க ஆர் விடுறது? யாழ் பல்கலைக்கழகத்துக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் தூபியையே 2021 ஜனவரியில இரவோட இரவா இடிச்சவை, பெடியள் போராடினபடியாத்தான் திரும்பக் கட்டினது.

முல்லை றைடர்: அதேதான் நானும் கேக்கிறன். பழைய பாலத்தை விட்டாலும் அறிவிப்புப் பலகையில என்ன எழுதுறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது? கிளிநொச்சித் தண்ணித் தாங்கி ஞாபகமா? போரில விழுந்து கிடந்ததை ஆமி துப்பரவாக்கி, 'அழிவு வேண்டாம்' எண்டு போட் போட்டு, பக்கத்தில கடையும் வச்சு, தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வந்து பார்த்துட்டுப் போனவை. சனம் எப்பிடி ஓடினது எண்டு அங்க ஒரு வரி இருந்ததோ? வட்டுவாகலும் அப்பிடி ஒரு சுற்றுலாத் தலமா மாறுறதுக்கு உடைச்சுப் போடுறதே மேல்.

தேன்மொழி: நாங்கள் உதாலை நடந்து வந்தனாங்கள். பாலத்தைப் பற்றி எனக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, உடைச்சா உடைக்கட்டும். அதில நடக்கேக்க ஒருத்தரும் பாலத்தைப் பார்க்கேல்லை, முன்னுக்குப் போறவையின்ர முதுகைத்தான் பார்த்தது, பிள்ளையளை நடுவில விட்டுப் பிடிச்சுக்கொண்டு, ஐ.சி.யை, அடையாள அட்டையை, சொப்பிங் பையில சுத்தி நெஞ்சுக்க வச்சுக்கொண்டு. எல்லாம் நடந்தது அங்கால, முல்லைத்தீவுப் பக்கக் கரையில. ஒரு நாள் புலிகள் இயக்கத்தில இருந்திருந்தாலும் பதியுங்கோ எண்டு ஸ்பீக்கரில சொன்னது அங்கதான். கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் சுவாமியோட சரணடைஞ்ச ஆக்களை பஸ்ஸில ஏத்தினதும் அங்கதான், ஐ.நா.வின்ர 2015 அறிக்கையிலயும் அது இருக்கு. சுவாமியும் இல்லை, ஏறினவையும் இல்லை. முல்லைத்தீவில 2017 மார்ச்சில இருந்து றோட்டில குந்தியிருக்கிற, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் கேக்கிறது அந்த இடத்தைப் பற்றித்தான். நீங்கள் ரெண்டு பேரும் தூணுக்குச் சண்டை பிடிக்கிறியள். பாலத்துக்கு ஏறுற அப்ரோச் றோட்டை அகட்டேக்க அந்தக் கரையை மண் போட்டு நிரவினா ஆர் கேப்பீங்கள்?

வன்னியான்: அக்கா, நீங்கள் சொல்லுறது சரி, ஆனா வெறும் நிலத்தைக் காட்டினா புதுசா வாறவனுக்கு என்ன விளங்கும்? பாலம் நிண்டாத்தானே இதால வந்து இங்க ஏத்தினவங்கள் எண்டு விரல் நீட்டிக் காட்டலாம். கறள்கம்பி சொன்ன ரெண்டு கண்ணும் அந்தக் கரைப் பக்கமே நிக்கட்டும்.

தேன்மொழி: காட்டுறதுக்கு முதல் அளந்து பதியுங்கோ. எந்த இடத்தில பஸ் நிண்டது, எங்க பேர் எழுதினது எண்டு சொல்ல இன்னும் ஆக்கள் உயிரோட இருக்கினம், அதிலயும் கொஞ்சப் பேர் போயிட்டினம்.

கறள்கம்பி: வரைபடத்தில குறிச்சு எழுத்தில குடுக்கலாம். கரைதுறைப்பற்று பிரதேச சபைக்கு ஒண்டு, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒண்டு. றோட்டுக் கோடு எதால போகுது எண்டு பிளானைக் கேட்டு எடுக்கோணும்.

முல்லை றைடர்: எழுதுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன். ஆனா இதைக் காட்டிப் புதுப்பாலத்து வேலையை ஒரு நாளும் மறிக்கக் கூடாது எண்டு முதல் வரியில போடோணும்.

வன்னியான்: முதல் வரியிலயோ? அதை ரெண்டாவதாப் போடுவம்.

முல்லை றைடர்: அப்ப கையெழுத்து இல்லை.