வெள்ளவத்தை அனெக்ஸ்: மீதி முற்பணத்தை மீட்க வழி என்ன?

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், இரண்டு அறை அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகை 65,000. ஒப்பந்தம் 2 வருடம், பாதி முடிந்துவிட்டது. முற்பணம் 780,000, மாதாமாதம் பாதி வாடகை அதில் கழிகிறது. மீதி 390,000 உரிமையாளர் கையில்.

இப்போது 85,000 கேட்கிறார், இல்லையேல் வீட்டை விட்டு எழும்பட்டுமாம். காரணம், "அரசாங்கச் சம்பளம் கூடிட்டுதே!" 2025 பட்ஜெட்டில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆனது சரி. ஆனால் பழைய கொடுப்பனவுகள் அதற்குள் போய்விட்டதால் தேறிய உயர்வு 8,250தான். அதுவும் 2027 வரை தவணை தவணையாக. இதில் 20,000 எங்கே இருக்கிறது?

சிக்கல் வேறு: ஒப்பந்தம் வெறும் முத்திரை ஒட்டிய தாள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன் எழுதப்படாவிட்டால் செல்லாது, நீதிமன்றத்தில் அதை மாதத்துக்கு மாதம் என்ற வாடகையாகத்தான் எடுப்பார்கள்.

70,000 தருவதாகச் சொல்லியாயிற்று, பதிவுத்தபாலில் கடிதமும் போயிற்று. மத்தியஸ்த சபைக்கு அவர் வரவில்லை. முற்பணம் வங்கியூடாகப் போனது, சிலிப் இருக்கிறது.

வீட்டை விட்டால், நொத்தாரிஸ் உறுதி இல்லாமல் வங்கிச் சிலிப்பை மட்டும் வைத்து அந்த 390,000ஐ வழக்குப் போட்டு வாங்க முடியுமா?