மறு: மறு: ‘ஜீனோயிசம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> மரபணுவெறி என்றே வைக்கலாமே? இனவெறி, சாதிவெறி வரிசையில் பொருந்திவிடும்.

வணக்கம் ஐயா,

வரிசையில் பொருந்தும், ‘ஜீனோயிசம்’ என்ற சொல் வரும் படத்துக்குப் பொருந்தாது. மரபணுவைப் பார்த்து ஆளை ஒதுக்குவதைத்தான் அது குறிக்கிறது. 1997-இல் வந்த ‘கேட்டகா’ (Gattaca) படத்தில், மரபணுத் தேர்வு இல்லாமல் இயல்பாகப் பிறந்த நாயகன் வின்சென்டை யாரும் வெறுத்துத் துரத்துவதில்லை. எல்லாம் அலுவலக நடைமுறையாக, மரியாதையாகவே நடக்கிறது. உயர்ந்த மரபணு கொண்ட ஜெரோமின் அடையாளத்தில் நுழையும் அவனுக்கு, ஜெரோமின் சிறுநீரைக் கொடுத்ததும் வேலை கிடைத்துவிடுகிறது; நேர்காணல் என்பதே அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த உலகில் இது சட்டப்படி குற்றம். விவரம் தர மறுத்தால் கதவுப் பிடியிலிருந்தோ விண்ணப்பத்தில் பட்ட எச்சிலிலிருந்தோ மாதிரி எடுத்துவிடுவார்கள். இந்தக் குளிர்ந்த ஓரவஞ்சனையை ‘வெறி’ என்றால் படிப்பவர் கலவரத்தைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை: மரபணுப் பாகுபாடு. சட்டத் தமிழில் ‘பாகுபாடு’ ஏற்கெனவே வேரூன்றிய சொல். ‘மரபுப் பாகுபாடு’ என்று சுருக்க வேண்டாம். அது வழிவழி வந்த பழக்கத்தைச் சுட்டுவதாகிவிடும்.

> மரபணு நோய்ப் பாகுபாடு என்றால் இன்னும் தெளிவு இல்லையா?

இல்லை, அங்கேதான் சிக்கல். பிறந்த சில நொடிகளில், ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, வின்சென்டுக்கு இதயக் கோளாறு வர 99% வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டு என்று வாசிக்கிறார்கள். அது நோய் இல்லை, வாய்ப்பு. அந்த எண்ணே தீர்ப்பாகிவிடுகிறது. அமெரிக்காவின் 2008 சட்டமும் இந்தக் கோட்டைக் கிழிக்கிறது: வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுத் தகவலைப் பயன்படுத்தத் தடை, ஆனால் வெளிப்பட்டுவிட்ட நோய்க்கு அச்சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. ஆயுள் காப்பீடும் அதில் அடங்காது. தில்லி உயர் நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு மறுபக்கம். வெளிப்பட்ட இதயத்தசைத் தடிப்பை ‘மரபணுக் கோளாறு’ என்று சொல்லிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கு அது; அந்த விலக்கு சமத்துவம் பேசும் அரசமைப்பின் 14-ஆம் உறுப்புக்கு முரண் என்றது நீதிமன்றம். இரண்டையும் தாங்க ‘நோய்’ இல்லாத சொல்தான் வேண்டும்.

> அப்படியானால், எல்லாம் மரபணுவிலேயே முடிவாகிவிட்டது என்ற நம்பிக்கைக்கு?

அது அகராதியில் வேறு பதிவு: மரபணு நியதிவாதம். (பேச்சில் ‘மரபணுத் தலையெழுத்து’ என்று சொல்லிப் பாருங்கள். படத்தின் தலைப்பே டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளால் ஆனது!) ஓடுபொறிச் (டிரெட்மில்) சோதனையில் வின்சென்ட் ஜெரோமின் இதயத்துடிப்புப் பதிவை ஓடவிடுகிறான். பதிவு தீர்ந்ததும் அவனுடைய சொந்தத் துடிப்பு திரையில் எகிறுகிறது. பாகுபாட்டை ஏமாற்றுகிறான், ஆனால் இதயம் பலவீனம் என்ற கணிப்பு முழுப் பொய்யென்று படம் சொல்லவில்லை. அதனால் இரண்டு சொற்களையும் ஒன்றாக்கக் கூடாது.

‘இன்-வேலிட்’ (மரபணுத் தகுதி இல்லாதவர் என்று படத்தில் ஒதுக்கப்படுபவர்) என்பதற்குச் ‘செல்லாதவர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. செல்லாக்காசு என்ற ஏச்சு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘நோயாளி’ என்ற இரண்டாம் பொருள் மட்டும் நழுவுகிறது. அகராதிப் பதிவில் ஒரு வரிக் குறிப்பாகச் சேர்த்துவிடலாம்.

அன்புடன்